பிளாஸ்கில் வளரும் செல்லா, தொட்டியில் நீந்தும் மீனா?

செத்த மீனின் சிறுநீரகத்திலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து, பிளேட்டில் காலனியாக (கண்ணுக்குத் தெரியும் திட்டாக) வளர்த்தாயிற்று. அடுத்து, இது மீனுக்குள் போய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: பிளாஸ்கில் தலைமுறை தலைமுறையாக வளரும் செல் லைன், மீனிலிருந்து அன்றைக்கே பிரித்தெடுக்கும் செல், வரிக்குதிரை மீனின் குஞ்சு, தொட்டியில் நீந்தும் முழு மீன். இதில் எது சிறந்தது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பாக்டீரியா செல்லுக்கு உள்ளே குடியிருக்கிறதா, வெளியே நின்று அடிக்கிறதா?

முதலில் செல் லைன். 1962-இல் கென் வுல்ஃப், குவிம்பி என்ற ஆய்வாளர்கள் வானவில் ட்ரவுட் என்ற மீனின் இனப்பெருக்கச் சுரப்பியிலிருந்து உருவாக்கிய ஆர்டிஜி-2தான் மீனின் முதல் நிரந்தர செல் லைன். பாலூட்டிகளின் செல்லோடு பார்த்தால் மீன் செல் ரொம்பச் சாது. பெரும்பாலானவற்றுக்கு எல்-15 மீடியம் என்ற ஊட்டத் திரவமும் கொஞ்சம் கன்றுக்குட்டி சீரமும் (ரத்தத்தின் தெளிநீர்) போதும். கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர் தேவையில்லை. சால்மன், ட்ரவுட் செல்கள் 15 முதல் 20 டிகிரியில் வளரும். வெதுவெதுப்பான நீரில் வாழும் மீன்களின் செல்களுக்கு 25 முதல் 28 டிகிரி. மீன் வாழும் வெப்பநிலையிலேயே பாக்டீரியாவையும் விட்டுப் பார்க்க முடிகிறது என்பது பெரிய வசதி.

செல் லைனில் எல்லோரும் செய்வது, ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வைத்துச் செய்யும் சோதனை. ஒரு செல்லுக்குப் பத்து பாக்டீரியா என்ற கணக்கில் விட்டு, ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கழுவி, ஜென்டாமைசின் ஊற்றுவோம். அந்த மருந்து செல்லுக்குள் சுலபத்தில் நுழையாது. அதனால் வெளியே உள்ளவை சாகும், உள்ளே போனவை பிழைக்கும். அப்புறம் 0.1 சதவீத ட்ரைட்டன் என்ற சோப்பு போன்ற திரவத்தால் செல்லை உடைத்து, பிளேட்டில் பரப்பி, காலனிகளை எண்ணினால் எத்தனை உள்ளே போயின என்று தெரிந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்யும்போதுதான் கைவரிசை தெரியும். மூன்றாவது முறை கழுவும்போது பிப்பெட்டைக் கொஞ்சம் நேராகப் பிடித்தால் போதும், அடியில் ஒட்டியிருந்த செல் படலம் ஓரத்திலிருந்து ஈரக் காகிதம் போல உரிந்து வந்துவிடும்; செல் வளர்ந்த பிளேட்டின் அந்தக் குழி வீண். குளிர்ந்த வெப்பநிலையில் பாக்டீரியா மந்தமாக இருப்பதால் மருந்தும் மந்தமாகத்தான் கொல்லும். ஆகவே 37 டிகிரிக்கு எழுதிய செய்முறையில் உள்ள நேரத்தை 18 டிகிரிக்கு அப்படியே எடுத்தால், வெளியே பிழைத்தவையும் உள்ளே போனவற்றின் கணக்கில் சேரும். கடைசியாகக் கழுவிய திரவத்தையும் ஒரு பிளேட்டில் பரப்பிப் பார்க்காத முடிவை நான் நம்புவதில்லை.

இதே சோதனையில் நானே ஏமாந்திருக்கிறேன். ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவை விட்டு நாலு மணி நேரத்துக்குப் பிறகு எண்ணினேன். காலனி ஏறக்குறைய பூஜ்யம். சரி, இது செல்லுக்குள் நுழையாத ரகம் என்று குறித்துவைத்தேன். மறுநாள் மிச்சமிருந்த குழிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. செல்கள் உருண்டு, பாதி மிதந்துகொண்டிருந்தன. ஏரோமோனாஸ் வெளியிடும் ஏரோலைசின் என்ற நச்சு செல் சவ்வில் ஓட்டை போடும். ஓட்டை விழுந்தால் மருந்தும் உள்ளே போகும், உள்ளே ஏதாவது இருந்திருந்தால் அதுவும் செத்திருக்கும். பூஜ்யம் என்ற எண்ணுக்கு அங்கே அர்த்தமே இல்லை. வெளியே நின்று அடிக்கும் ரகத்துக்கு வடிகட்டிய வளர்ப்புத் திரவத்தைச் செல்மேல் ஊற்றி, எத்தனை செல் உடைந்தது என்று அளப்பதே நேர்மையான வழி.

உள்ளே குடியிருக்கும் சில ரகங்களையோ முதலில் பிரித்தெடுக்கவே செல் லைன் வேண்டியிருந்தது. 1989-இல் சிலியின் கோஹோ சால்மனிலிருந்து பிசிரிக்கெட்ஸியா சால்மோனிஸ் என்ற பாக்டீரியா பிரிக்கப்பட்டது சிஎச்எஸ்இ-214 என்ற சினூக் சால்மன் கருச் செல்களில்தான். செல் லைனில் வைரஸ் தேடுபவர்கள் பாக்டீரியா வளராமலிருக்க வழக்கமாக மீடியத்தில் ஆன்டிபயாடிக் போடுவார்கள். போட்டிருந்தால் இது வளர்ந்தே இருக்காது. செல் இல்லாத மீடியத்தில் இதை வளர்க்க மேலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. ஆன்டிபயாடிக் இல்லாமல் வாரக்கணக்கில் செல் வளர்ப்பது தனி வேதனை. ஒருநாள் காலையில் பிளாஸ்க் கலங்கியிருக்கும், அது நம் பாக்டீரியாவா, நம் கையிலிருந்து விழுந்ததா என்று தெரியாது.

செல் லைனின் இன்னொரு குறை அதன் பிறப்பு. கருச் செல்லோ தோல் செல்லோ பாக்டீரியாவை விழுங்கிக் கொல்லும் வேலைக்குப் பிறந்ததல்ல. அந்த வேலைக்கு நெருக்கமானவை அட்லாண்டிக் சால்மனின் எஸ்எச்கே-1, ட்ரவுட் மண்ணீரலின் ஆர்டிஎஸ்-11 போல ஒரு சிலதான். ஆவணத்தில் எழுதியிருப்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கெண்டைச் செல் என்று பல ஆய்வகங்கள் பயன்படுத்திவந்த இபிசி, மரபணுச் சோதனையில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற வேறு மீனின் செல்லாகத் தெரியவந்தது.

அந்த இடத்தில்தான் அன்றைக்கே எடுக்கும் செல் முந்துகிறது. மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் உருவாவதில்லை. அந்த வேலையைத் தலைச் சிறுநீரகம் பார்க்கிறது. அதை வலையில் தேய்த்து, செல்களை அடர்த்திப்படி பிரிக்கும் பெர்கால் திரவ அடுக்கில் சுழற்றி, பிளேட்டில் ஒட்டுபவற்றை எடுத்தால் மேக்ரோஃபேஜ்கள், அதாவது கிருமிகளை விழுங்கும் செல்கள், கிடைக்கும். எட்வர்ட்ஸியெல்லா போல மேக்ரோஃபேஜுக்குள்ளேயே பெருகும் பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல களம் இல்லை. அதே மீனின் சீரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். சூடாக்கிச் செயலிழக்க வைத்த கன்றுக்குட்டி சீரத்தில் மீனின் எதிர்ப்புப் புரதங்களை எங்கே தேடுவது? ஆனால் செல்கள் சில நாள்தான் தாங்கும். மீனுக்கு மீன் முடிவு மாறும். ஒன்றின் செல் கொன்றுவிடும், பக்கத்துத் தொட்டி மீனின் செல் வளரவிடும். அந்த வித்தியாசம் எரிச்சலாக இருந்தாலும் பொய்யல்ல. செல் லைனில் கிடைக்கும் அழகான ஒற்றுமையைத்தான் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி போல இருப்பதால், ஒளிரும்படி செய்த மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற பாக்டீரியாவை மேக்ரோஃபேஜ் விழுங்குவதையும், பிறகு கிரானுலோமா என்ற செல் கட்டி திரள்வதையும் உயிரோடு பார்க்கலாம். எந்தச் செல் லைனும் இதைக் காட்டாது. ஆனால் ஒரு கிருமியைச் சந்தித்து நினைவில் வைக்கும் தடுப்பாற்றல் அதற்கு முதிர நாலு முதல் ஆறு வாரம் ஆகும், எனவே தடுப்பூசிக் கேள்விக்கு உதவாது. 28 டிகிரியில் வளரும் குஞ்சிடம் குளிர்நீர் சால்மனின் நோயைக் கேட்பதும் பொருந்தாது.

முழு மீனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடுப்பூசி வேலை செய்கிறதா, மீன் சாகிறதா என்பதற்கு வேறு மாற்று இல்லை. ஒரே ஒரு புகார்: வயிற்றறையில் ஊசி போட்டுவிட்டு இயற்கையான தொற்று என்று எழுதுகிறார்கள். சளிப்படலம், தோல், செவுள் மூன்றையும் ஊசி தாண்டிவிடுகிறது. நீரில் கலந்து விடுவதோ, தொற்றிய மீனோடு சேர்த்து வைப்பதோதான் உண்மைக்கு அருகே போகும். பொறுமை வேண்டும், மீனும் நிறைய வேண்டும்.

புதிதாக ஒரு பாக்டீரியா கைக்கு வந்தால் நான் ஜென்டாமைசினை முதலில் தொடமாட்டேன். வடிகட்டிய திரவத்தை ஒரு செல் லைனில் ஊற்றி ஒரு ராத்திரி விடுவேன். செல் செத்திருந்தால் நச்சைத் துரத்துவேன். பிழைத்திருந்தால் ஜென்டாமைசின் சோதனை. எண்ணிக்கை ஏறினால் மட்டும் மேக்ரோஃபேஜுக்காக ஒரு மீன். இத்தனைக்கும் பிறகுதான் தொட்டி மீன்களுக்கான நெறிமுறை அனுமதிப் படிவத்தை எடுப்பேன். அதில் எத்தனை மீன் என்ற கட்டத்தில் அப்போது எழுதும் எண், முதல் நாளே எழுதியிருக்கக்கூடியதைவிடச் சின்னதாகவே இருக்கும்.