பருத் தழும்புக்கு லேசர் செய்யப் போகிறீர்களா? மெஷினில் என்ன அளவு வைக்கிறார்கள் என்று கேளுங்கள்

கல்லூரிக் காலத்துப் பருக்கள் என் இரண்டு கன்னங்களிலும் குழிகளை விட்டுப் போயிருந்தன. போன ஆவணியில் மதுரையில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் நான்கு செஷன் பேக்கேஜுக்கு 32,000 ரூபாய் முன்பணமாகவே கட்டினேன். ஒரே செஷனோடு நிறுத்திவிட்டேன். குழிகள் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் இப்போது கட்டம் போட்ட நோட்டுத்தாள் மாதிரி வரிசை வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். இன்னொருவருக்கு இது நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அன்று மரத்துப்போகும் கிரீமைத் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் உள்ளே போனவர் நல்ல சிவந்த நிறம், அறுபதை நெருங்கியவர், வாயைச் சுற்றியிருந்த சுருக்கத்துக்காக வந்திருந்தார். அவர் எழுந்ததும் என்னைப் படுக்கச் சொன்னார்கள். “செட்டிங் மாத்தணுமாக்கா?” என்று உதவிக்கு நின்ற பெண் கேட்டார். “வேண்டாம், அதுவே இருக்கட்டும்” என்றார் மெஷினைப் பிடித்திருந்தவர். டாக்டர் அறையிலேயே இல்லை. அந்த இரண்டு வரிகளின் அர்த்தம் அப்போது எனக்குப் புரியவில்லை.

முடி கருகும் வாடை. முகம் முழுக்க ஒரு சுற்று. இடது கன்னத்தில் குழி அதிகம் என்று ஆறவிடாமல் அதே இடத்தில் இன்னும் இரண்டு சுற்று. எரிச்சல் தாங்காமல் அவர் கையைப் பிடித்தேன், பொறுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு வாரத்தில் பொருக்கு உதிர்ந்தது, மூன்றாவது வாரம் கறுக்க ஆரம்பித்தது. போய்க் கேட்டால், “வெயில்ல போயிருப்பீங்க மேடம்.” என்ன அளவு வைத்தீர்கள் என்றேன். “ஸ்கார் மோட்” என்பதற்கு மேல் பதில் இல்லை. என் ஃபைலில் தேதியும் ஒரு கையெழுத்தும் மட்டுமே இருந்தன. பணமும் திரும்பவில்லை.

அப்புறம் வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர்தான் பொறுமையாக விளக்கினார். எனக்குச் செய்தது ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர். தோலில் உள்ள தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கி நுண்துளைகள் போடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை மில்லிஜூல் சக்தி என்பது துளையின் ஆழத்தை முடிவு செய்யும். டென்சிட்டி என்பது தோலில் எத்தனை சதவீதம் ஒரே தடவையில் துளைபடுகிறது என்பது. புள்ளிகளுக்கு நடுவே தொடாமல் விட்ட தோலிலிருந்துதான் புண் ஆறுகிறது. அந்த இடைவெளி குறைந்தால் சூடு ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். மாநிறத் தோல் சூடுபட்டுப் புண்ணானால் நிறமியை அள்ளிக் கொட்டும். அதனால் நம் தோலில் ஆழமான குழிக்குச் சக்தியைக் கொஞ்சம் கூட்டினாலும், டென்சிட்டியையும் சுற்றுகளையும் குறைத்தே வைக்க வேண்டும், செஷன்களுக்கு நடுவே நாளும் அதிகம் விட வேண்டும் என்றார். சிவந்த தோலின் சுருக்கத்துக்கு வைத்த அளவை என் மேல் அப்படியே ஓட்டியிருக்கிறார்கள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

குழிகளிலும் வகை உண்டாம். ஊசியால் குத்தினது போன்ற குறுகிய ஆழமான குழிக்கு லேசர் மட்டும் போதாது. அதற்குள் அமிலம் தொட்டு வைப்பார்கள். அடியில் நார் இழுத்துப் பிடித்திருக்கும் பள்ளத்துக்கு ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுத்துவிடுவார்கள். எனக்கு இரண்டும் இருக்கின்றன. பணம் வாங்கியவர்கள் ஒருவரும் என் கன்னத்தை விளக்கு வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

நீங்கள் போனால், தோலைப் பார்த்து அளவை முடிவு செய்வது யார், மெஷினைப் பிடிப்பது யார் என்று முதலில் கேளுங்கள். டாக்டரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபாருங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வந்தாலோ, காயம் ஆறினால் தடித்துக்கொள்ளும் உடம்பென்றாலோ அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். தாடையோரம் சின்ன இடத்தில் முதலில் அடித்துப் பார்க்கச் சொல்லி, ஒரு மாதமாவது காத்திருங்கள். மில்லிஜூல், டென்சிட்டி, எத்தனை சுற்று என்ற மூன்றையும் உங்கள் சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

லேசர் செய்து இப்போது ஏழாவது மாதம். சன்ஸ்கிரீன், இரவில் ஒரு கிரீம். வலது கன்னம் பெரும்பாலும் தெளிந்துவிட்டது. மூன்று சுற்று வாங்கிய இடது கன்னத்தில் கட்டம் இன்னும் தெரிகிறது.