மொட்டை மாடிக் கற்றாழையும் என் முகமும்

சோற்றுக் கற்றாழை முகத்தை வெள்ளையாக்காது. பழைய பருத்தழும்பையும் போக்காது. பல வருடமாகத் திருச்சி வெயிலில், மொட்டை மாடித் தொட்டியில் வளர்த்துப் பூசிவருகிறவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷேவிங் செய்த கழுத்தின் எரிச்சல், வெயிலில் அலைந்து வந்த நாளில் காந்தும் கன்னம், கொசுக்கடி அரிப்பு, வேர்க்குரு: இந்த நாலுக்கும் அது கைகொடுக்கிறது. எனக்கு அது போதும்.

செடி வாங்கும்போதே ஒன்றைக் கவனியுங்கள். வேலியோரத்திலும் ரயில் பாதையோரத்திலும் விறைப்பாக நிற்கும் ஆனைக் கற்றாழை வேறு செடி. மடல் நுனியில் ஊசி போல முள், உள்ளே முழுக்க நார். அதன் சாறு பட்டால் தோல் தடித்துச் சிவந்துவிடும். சோற்றுக் கற்றாழையை ஒடித்தால் உள்ளே கண்ணாடி மாதிரிச் சோறு தெரியும். இளம் கன்றில் வெள்ளைப் புள்ளிகள் இருப்பது இயல்புதான், பெரும்பாலும் வளர வளர மங்கிவிடும்.

வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. அகலமான மண் தொட்டி, அடியில் ஓட்டை, செம்மண்ணோடு தாராளமாக மணல், கொஞ்சம் தொழு உரம். மேல்மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காய்ந்த பிறகே தண்ணீர். திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டிய கற்றாழை மண்ணே இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில்தான் திறக்கும் செடி இது, அதனால் உள்ளே இருக்கும் ஈரம் எளிதில் போகாது. அக்னி நட்சத்திர வெயிலில் மடல் செம்பழுப்பாக மாறும். பயப்பட வேண்டாம், நிழலுக்கு நகர்த்தினால் பச்சை திரும்பும். அதைக் கொல்வது ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். வேர் அழுகிவிட்டால் மடலைத் தொட்டதும் கொழகொழவென்று கையோடு வரும். மழை தொடங்கியதும் தொட்டியை சன்ஷேடுக்கு அடியில் இழுத்துவிடுவேன். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயில் துளி சோப்புக் கரைசல் கலந்து, தண்ணீர் விட்டு, சாயங்காலம் தெளிக்கிறேன்.

விஷயம் முழுக்க மடலை அறுத்த பிறகுதான் இருக்கிறது. அடியில் உள்ள முற்றிய மடலை அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி டம்ளரில் அரைமணி நேரம் நிறுத்தி வைப்பேன். மஞ்சளாக ஒரு நீர் வடியும், அசல் கசப்பு. மடலின் தோலுக்குக் கீழே ஓடும் இந்தப் பாலில் இருப்பது அலோயின் என்ற கசப்புப் பொருள். கற்றாழை பூசியதும் அரிக்கிறது என்பவர்களில் பலர் இதை வடிக்காமல் தேய்த்தவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம். நாட்டு மருந்துக் கடையில் கரியபோளம் என்று விற்பது இந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கியதுதான். கடும் பேதி மருந்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2002-இல், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும் மலமிளக்கிகளில் கற்றாழையைச் சேர்க்கக் கூடாது என்று நிறுத்தியது. தோலோடு மிக்ஸியில் அடித்து வெறும் வயிற்றில் குடிக்கும் பக்கமே நான் போகவில்லை.

பிறகு முள் ஓரத்தைச் சீவி, தோலை உரித்து, சோற்றை நாலைந்து தண்ணீர் மாற்றி அலசுவேன். ஏழு தண்ணீர் என்பது பெரியவர்கள் கணக்கு. மஞ்சளும் கசப்பு வாடையும் போனால் போதும். முதல்முறை பூசுகிறவர்கள் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒருநாள் பாருங்கள். நன்றாக வடித்துக் கழுவியும் என் தங்கைக்குச் சேரவில்லை, தடவிய இடமெல்லாம் சிவந்துவிட்டது.

இந்தச் சோற்றில் கிட்டத்தட்ட 99 சதவீதம் தண்ணீர். பூசியதும் குளுகுளுவென்று இருக்கும், காய்ந்ததும் முகம் இழுத்துப் பிடிக்கும். மார்கழியில் அதை மட்டும் பூசினால் தோல் இன்னும் வறளும். அரை ஈரத்தில் இருக்கும்போதே மேலே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவினால் சரியாக இருக்கிறது. வெயிலுக்கு முன் பூசிக்கொண்டு கிளம்புவதில் பயனில்லை, அது சன்ஸ்கிரீன் இல்லை. குக்கர் ஆவி பட்டால் முதலில் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடமாவது காட்ட வேண்டும். கற்றாழை அதற்குப் பிறகுதான். கொப்புளம் போட்டால் டாக்டரிடம் போய்விடுவேன்.

ஃப்ரிட்ஜில் சில நாள் தாங்கும். இளஞ்சிவப்பாக நிறம் மாறினால் கொட்டிவிடுகிறேன். மிச்சத்தை ஐஸ் டிரேயில் உறைய வைத்தால் சித்திரையில் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்க வசதி. கடை ஜெல்லின் பச்சையைப் பார்த்து மயங்க வேண்டாம், அது கலந்த நிறம். அசல் சோற்றுக்கு நிறமே கிடையாது.

தலைக்குத் தேய்க்கலாமா என்று கேட்கிறார்கள். தேய்க்கலாம், ஆனால் நன்றாக அலசுங்கள். காய்ந்தால் வெள்ளைச் செதிலாக உதிரும், பார்க்கிறவர்கள் பொடுகுக்கு மருந்து சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.