கை டாக் 13: மூடிய விமான நிலையத்துக்குள் பல வருடப் பறத்தல்

ஹாங்காங்கின் பழைய கை டாக் விமான நிலையம் 1998 ஜூலை 6-ஆம் தேதி மூடப்பட்டது. அங்கே 13-ஆம் எண் ஓடுபாதைக்கு இறங்கும் அந்தப் பெயர்பெற்ற அப்ரோச்சை (தரையிறங்க நெருங்கும் பாதையை) இனி எந்த விமானியும் நிஜத்தில் ஓட்ட முடியாது. ஓடுபாதை இருந்த இடத்தில் இப்போது பூங்காவும் பயணக் கப்பல் முனையமும் வந்துவிட்டன. வீட்டில் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது மிச்சம். பல வருடங்களாக நான் அதிகம் பறந்தது இந்த ஒரு அப்ரோச்தான். பூட்டானின் பாரோ, மதீராவின் ஃபுன்சால், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் என மற்ற சவாலான விமான நிலையங்கள் எல்லாவற்றுக்கும் அவ்வப்போது போய்வருவேன். ஆனால் சாயங்காலம் அரை மணி நேரம் சும்மா கிடைத்தால் விரல் தானாகக் கை டாக்கின் கோடான விஎச்எச்எக்ஸ் (VHHX) என்றுதான் அடிக்கிறது. பழைய கோடான விஎச்எச்எச் செக் லாப் கோக்கில் உள்ள புதிய விமான நிலையத்துக்குப் போய்விட்டதால், ஆட்-ஆன் (சிமுலேட்டரில் சேர்க்கும் கூடுதல் தொகுப்பு) செய்பவர்கள் கை டாக்கை இந்தக் கோடில்தான் வைக்கிறார்கள். தேடிக் கிடைக்காதவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

இந்த அப்ரோச் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடுபாதை கடலில் மண் கொட்டி நீட்டியது. நீளம் 3,390 மீட்டர், அதில் குறை ஒன்றும் இல்லை. சிக்கல் வடமேற்குப் பக்கம். அங்கே கவ்லூன் நகரம், அதற்குப் பின்னால் மலைகள். நேர்கோட்டில் இறங்கி வர வழியே கிடையாது. அதனால் மேற்கிலிருந்து 088 டிகிரியில் விமானத்தைக் கூட்டிவர ஒரு சிக்னல் வைத்தார்கள். ஓடுபாதைக்கு நேராகக் கூட்டிவரும் வழக்கமான ஐஎல்எஸ் சிக்னல் போலவே, திசை காட்டும் லோக்கலைசரும் இறங்கும் சரிவு காட்டும் கிளைடுஸ்லோப்பும் உண்டு. ஆனால் அந்தக் கோடு போய் முட்டுவது ஒரு குன்றில். ஆகவே அதற்கு ஐஜிஎஸ் (இன்ஸ்ட்ருமென்ட் கைடன்ஸ் சிஸ்டம்) என்று தனிப் பெயர். குன்றின் சரிவில் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பெரிய கட்டங்கள் வரைந்திருந்தார்கள். 675 அடிக்கு வருவதற்குள் கட்டம் கண்ணில் பட்டாக வேண்டும். பட்டால் வலது பக்கம் 47 டிகிரி கையால் திருப்பி இறங்கலாம். படவில்லையா, மேலே ஏறிவிட வேண்டியதுதான். பெரிய விமானங்கள் திருப்பம் முடித்து இறக்கையை நேராக்கும்போது உயரம் 200 அடிகூட இருக்காது.

யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கட்டிடங்களுக்கு நடுவே புகுவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற விமான நிலையங்களில் திசையையும் சரிவையும் காட்டும் இரண்டு முள்ளும் நடுவில் இருந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம், கடைசி வரை அதை நம்பலாம். இங்கே நம்பி வந்த முள்ளைச் சரியான ஒரு நேரத்தில் கைவிட்டுவிட்டு, கண்ணுக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்துக்குக் கிடைப்பது சில விநாடிகள். அதற்குப் பிறகும் திரையில் முள் ஓடிக்கொண்டே இருக்கும், பார்வை பழக்கதோஷத்தில் அங்கேயே போகும். இந்த அப்ரோச் சோதிப்பது அந்தப் பழக்கத்தைத்தான்.

வீட்டு செட்டப்பில் இன்னொரு சங்கடம் உண்டு. கேப்டன் இருக்கையில், இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். திருப்பமோ வலது பக்கம். 088-இல் வரும்போது ஓடுபாதை நேர் எதிரே இல்லை, துணை விமானியின் ஜன்னல் பக்கம் இருக்கிறது. நிஜ விமானி தலையைத் திருப்பினால் போதும். ஒரே ஒரு மானிட்டர் வைத்திருப்பவருக்கு ஓடுபாதை திரைக்கு வெளியே போய்விடுகிறது. ஜாய்ஸ்டிக்கின் ஹேட் ஸ்விட்சை (பார்வையைத் திருப்பும் சிறு பொத்தானை) அழுத்தினால் பார்வை சடாரென்று 45 டிகிரி வெட்டித் திரும்பும். அந்த நொடியில் விமானம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற உணர்வே போய்விடும். திரும்ப முன்னால் பார்ப்பதற்குள் மூக்கு தாழ்ந்து, ‘சிங்க் ரேட்’ (இறங்கும் வேகம் அதிகம்) என்று எச்சரிக்கைக் குரல் வந்திருக்கும்.

இதற்குத் தீர்வு தலை அசைவைப் பின்தொடரும் ஹெட் டிராக்கிங். ஒரு சாதாரண வெப்கேமும் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் இருந்தால் போதும். கட்டம் கண்ணில் பட்டதும் தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புகிறேன், ஓடுபாதையின் முனை கண்ணாடி ஓரத்தில் நுழைகிறது, சாய்வைப் பிடித்துக்கொண்டே அதை நடுவுக்கு இழுத்து வருகிறேன். விலை உயர்ந்த யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) வாங்கியபோதுகூட இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. பணம் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் முதலில் இதில் ஆரம்பியுங்கள், அப்புறம் ரடர் பெடல், கடைசியில் யோக்.

விஆர் (தலையில் மாட்டும் மெய்நிகர் கண்ணாடி) பற்றி எப்போதும் கேட்பார்கள். தூர உணர்வு அருமை. மொட்டை மாடிகள் காலுக்குக் கீழே ஓடுவது அதில்தான் தெரியும். ஆனால் என் கணினியில் ஃப்ரேம் (விநாடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை) விழுவது சரியாகக் கவ்லூன் மேல்தான், அதாவது வழவழப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில். இரண்டு மூன்று அப்ரோச்சுக்குப் பிறகு நெற்றி வியர்த்து, லென்ஸ் மங்கிவிடும். நான் மானிட்டருக்கே திரும்பிவிட்டேன். அதிலும் ஃப்ரேமை 30-இல் பூட்டி, கட்டிட நிழலை ஒரு படி குறைத்துவைத்தால் திருப்பத்தில் திக்கல் இல்லாமல் போகிறது.

சீனரி, அதாவது திரையில் தெரியும் ஊர்க் காட்சி, விஷயத்துக்கு வருவோம். இன்றைய சிமுலேட்டர்கள் செயற்கைக்கோள் படத்தை வைத்து உலகத்தைக் கட்டுவதால், ஊர் இன்றைய ஹாங்காங்காக இருக்கும். 2010-இல் முடிந்த ஐசிசி கோபுரம் 484 மீட்டர். 747 ஜம்போ விமானத்தை 1,500 அடியில் (சுமார் 457 மீட்டர்) கொண்டுவரும்போது, வலது பக்கம் கொஞ்சம் தள்ளி அது கிட்டத்தட்ட என் கண் மட்டத்தில் நிற்கும். அந்தக் காலத்து விமானிகள் பார்த்திராத காட்சி. பழைய ஓடுபாதையின் கடல் முனையில் 2013-இல் திறந்த கப்பல் முனையம் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கும். விமான நிலையம் மூடியபின் உயரக் கட்டுப்பாடு போனதால் சுற்றிலும் கட்டிடங்களும் வளர்ந்துவிட்டன. ஆகவே வெறும் ஓடுபாதையை மட்டும் போட்டுத் தரும் ஆட்-ஆன் உதவாது. பழைய கவ்லூன் நகரத்தையும் சேர்த்துத் தருவதைத் தேடிப் பிடியுங்கள். கட்டக் குன்று மட்டும் துல்லியமாக இருந்துவிட்டால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். கட்டம் கொஞ்சம் இடம் மாறினாலும் திருப்பத் தொடக்கம் தப்பிவிடும்.

பகலைவிட இரவில் எனக்கு இது சுலபம். சொன்னால் நம்ப மாட்டார்கள். திருப்பத்தின் வளைவு நெடுகக் கீழே வழிகாட்டி விளக்குகள் வரிசையாக மின்னும், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் போதும். விமானிகள் குழம்பக் கூடாது என்பதற்காகச் சுற்றுவட்டாரத்தில் அணைந்து எரியும் நியான் பலகைகளுக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. நல்ல ஆட்-ஆனில் பலகைகள் நிலையாக எரிவதைப் பார்த்தால், செய்தவர் வீட்டுப்பாடம் படித்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம்.

காற்றை நானே கையால் வைத்துக்கொள்கிறேன். நேரலை வானிலை போட்டால் 31-ஆம் ஓடுபாதைக்கு (அதே ஓடுபாதை, எதிர்த் திசையில்) சாதகமான காற்று வந்து மாலையே வீணாகும். தொடங்குகிறவர்கள் 100 டிகிரி திசையிலிருந்து வரும் 8 நாட் (காற்று வேக அளவு) காற்றில் ஆரம்பிக்கலாம். பழகியபின் 220 டிகிரி, 15 நாட் வைத்துப் பாருங்கள். தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து வடகிழக்கே தள்ளும். வழக்கமான இடத்தில் திருப்பினால் ஓடுபாதைக் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும். அதைச் சரிக்கட்ட இன்னும் சாய்த்தால் ‘பேங்க் ஆங்கிள்’ (சாய்வு அதிகம்) எச்சரிக்கை வரும். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: த்ராட்டிலை (இன்ஜின் விசைப்பிடியை) முன்னே தள்ளி மேலே ஏறுவது. சிமுலேட்டரில் யார் கேட்கப் போகிறார்கள் என்று பலர் அமுக்கி இறக்குகிறார்கள்.

திருப்பத்துக்கு இருக்கும் புகழ் அதற்கு அடுத்து வருவதை மறைத்துவிடுகிறது. சாய்வை நேராக்கிய கையோடு ஓடுபாதை வந்துவிடும், வேகம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மிதந்துகொண்டே போகும். 1993 நவம்பர் 4-ஆம் தேதி சைனா ஏர்லைன்ஸின் புத்தம் புதிய 747-400, புயல் காற்றில் இறங்கி நிற்க முடியாமல் துறைமுகத் தண்ணீருக்குள் போனது. அதில் இருந்த அத்தனை பேரும் உயிர் தப்பினார்கள். எதிர் ஓடுபாதையின் ஐஎல்எஸ் சிக்னலைக் கெடுக்கிறது என்று அதன் வால் பகுதியை வெடிவைத்து அகற்ற வேண்டியிருந்தது. இறங்கும் வேகம் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று மதிப்பெண் போடும் ஆட்-ஆன்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. பஞ்சு மாதிரி இறக்கிப் பாதி ஓடுபாதையைத் தின்றவருக்கு அவை முழு மதிப்பெண் கொடுத்துவிடும். ஆகவே நான் பார்ப்பது எந்த இடத்தில் சக்கரம் தொட்டது என்பதை மட்டும்தான்.

விமானம் எதை எடுப்பது? முதலில் 737, சொன்னபடி கேட்கும். பிறகு 777, அது 1990-களின் கடைசியில் அங்கே வந்து போனதுதான். 747-ஐக் கடைசிக்கு வையுங்கள். காக்பிட் அவ்வளவு உயரத்தில் இருப்பதால், சக்கரம் தொடும் நேரத்தைக் கண்ணால் கணிப்பதற்குத் தனியாகப் பழக வேண்டும். சாய்க்கச் சொன்னால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சாயும், அதனால் கட்டம் முழுதாகத் தெரியும் முன்பே கையை வலப்பக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

லாண்டாவ் தீவுக்கு வடக்கே 4,500 அடியில், சிக்னலைப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்பாக ஒரு நிலையைச் சேமித்துவைத்திருக்கிறேன். கீழே செக் லாப் கோக்கின் ஓடுபாதைகள் தாராளமாக நீண்டு கிடக்கும். எரிபொருளைத் தரையிறங்கும் எடைக்குக் குறைத்து, ஃப்ளாப்பை (இறக்கையின் மடிப்புப் பலகையை) 10 வரை போட்டு, ஐஜிஎஸ் அலைவரிசையைக் கையால் ட்யூன் செய்து வைத்துவிட்டால் மீதி எல்லாம் சில நிமிட வேலைதான். எஃப்எம்சி-யில் (விமானத்தின் வழிநடத்தும் கணினியில்) இந்த அப்ரோச் இருக்காது, இன்றைய தரவுத்தளங்கள் கை டாக்கை எப்போதோ நீக்கிவிட்டன. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.