கறியும் குதிரையும்: ஒரே எழுத்தில் இரண்டு 'கர்ரி'

'ஹி கர்ரீட் ஃபேவர் வித் த மேனேஜர்.' இதைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, "மேனேஜருக்குப் பிடித்த கறியைச் சமைத்துக் கொடுத்தான்" என்று எழுதியிருந்தாள். அவள் யோசித்த விதத்தில் குறையே இல்லை. தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள். ஆனால் அந்த வாக்கியத்தின் பொருள் 'மேனேஜரைக் காக்கா பிடித்தான்' என்பது. இந்த கர்ரி வேறு. எழுத்துக்கூட்டு ஒன்றுதான், இரண்டுக்கும் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது.

முதல் கர்ரி நம் கறி. போர்த்துகீசியர் வாயில் கரில் ஆகி, 1598இல் ஒரு டச்சுப் பயணியின் நூல் மொழிபெயர்ப்பு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 1747இல் ஹன்னா கிளாஸ் தன் சமையல் புத்தகத்தில் அதற்குச் செய்முறையே கொடுத்துவிட்டார். நம்மிடம் அந்தச் சொல் ஒரே பொருளில் நின்றதில்லை. 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்று அகநானூறு 149ஆம் பாட்டு யவனர் கப்பலைச் சொல்லும்போது கறி என்றால் மிளகு. இன்று சென்னையில் "கறி எடுத்தாச்சா?" என்றால் ஆட்டிறைச்சி. யாழ்ப்பாணத்திலோ கத்தரிக்காயும் கறிதான். ஆங்கிலேயர் சொல்லும் கர்ரி இந்த யாழ்ப்பாணக் கறிக்குத்தான் கிட்ட வருகிறது.

இரண்டாவது கர்ரி ஒரு வினைச்சொல். 'தயார்செய், ஒழுங்குபடுத்து' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. குதிரையின் உடம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்வதும் கர்ரி, பதனிட்ட தோலுக்கு எண்ணெய் ஏற்றி மெதுவாக்குவதும் கர்ரி. அதனால் 'கர்ரீட் சிக்கன்' மசாலாவில் வெந்தது. 'கர்ரீட் லெதர்' எண்ணெய் ஊறிய தோல்.

சரி, மேனேஜர் எங்கே வந்தார்? 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஒரு பிரெஞ்சு நெடும்பாட்டில் ஃபோவெல் என்றொரு குதிரை வரும். வஞ்சகத்தின் உருவம் அது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் காரியம் ஆக வேண்டி அதைத் தேய்த்துவிட முண்டியடிப்பார்கள். ஆங்கிலத்தில் அது 'கர்ரி ஃபேவெல்' ஆனது. ஃபேவெல் யாரென்று மறந்த பிறகு, காதுக்குப் பழகிய 'ஃபேவர்' அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. நம் 'காக்கா பிடிப்பது'கூட 'கால் கை பிடிப்பது' திரிந்து வந்தது என்று சொல்வார்கள். அது உண்மையானால், அங்கே குதிரை தொலைந்தது, இங்கே காக்கா வந்து சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் இது.

பயன்பாட்டில் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. பின்னால் 'ஃபேவர்' வந்தால் அது குதிரைக் கர்ரி. யாரை என்று சொல்லும்போது, அதற்கு அப்புறம் 'வித்' வேண்டும். தமிழில் மேனேஜரைக் காக்கா பிடிப்பதால், நம் பிள்ளைகள் அந்த 'வித்'தை விட்டுவிடுகிறார்கள். மறுநாள் அதே மாணவி இந்தத் தொடரை வைத்துச் சொந்தமாக நான்கு வாக்கியங்கள் எழுதி வந்தாள். நான்கிலும் 'வித்' இருந்தது.