பழைய ரயில் தடம்: மிதிவண்டிக்கா, சாலைக்கா, மீண்டும் ரயிலுக்கா?

மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே 1906-இல் திறக்கப்பட்ட குறுகிய அகல ரயில் பாதை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941-இல் மூடப்பட்டது. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதையும் சுதந்திரத்துக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டதால், மாவட்டத் தலைநகராக இருந்தும் கிருஷ்ணகிரிக்கு இன்று ரயில் நிலையம் இல்லை. இப்படிக் கைவிடப்பட்ட தடங்களை வெளிநாடுகளில் மிதிவண்டிப் பாதையாக்கியிருப்பதைப் பார்க்கும்போது, நம் பகுதிக்கு எது பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

செலவு குறைந்த வழி, நெடுஞ்சாலை ஓரத்தில் கோடு போட்டு மிதிவண்டிக்கு ஒதுக்குவது. ஆனால் அந்த இடத்தில் லாரிகள் நிற்கும், இளநீர்க் கடைகள் முளைக்கும். பள்ளி மாணவி மறுபடியும் வாகனங்களுக்கு நடுவேதான் போக வேண்டியிருக்கும்.

ரயில் தடத்தின் தனிச் சிறப்பு அதன் சரிவில் இருக்கிறது. எஞ்சின் இழுப்பதற்காக மேட்டை வெட்டியும் பள்ளத்தை மண்ணால் நிரப்பியும் ஏற்றத்தைக் குறைத்திருப்பார்கள் என்பதால், அரசு தரும் கியர் இல்லாத சைக்கிளிலும் மூச்சு வாங்காமல் செல்லலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1960-களில் உருவான எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை, மூன்று சுரங்கங்கள் வழியாகச் செல்கிறது. அதன் தளம் பொடித்த சுண்ணாம்புக் கல். இங்கிலாந்தின் பிரிஸ்டல்–பாத் பாதையோ தார் போட்டது. இரு நகரங்களை இணைப்பதால் வேலைக்குச் செல்வோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கிரஷர் தூள் எளிதில் கிடைக்கும் கிருஷ்ணகிரியில் பொடித்த கல் தளம் மலிவானதுதான், எனினும் ஐப்பசி மழையில் அரித்துப்போகும் தளத்தை ஆண்டுதோறும் யார் சீர்செய்வது? ஊரை ஒட்டிய பகுதிக்குத் தார்தான் சரி.

மிதிவண்டிப் பாதை போட்டால் ரயில் வராமல் போய்விடும் என்ற அச்சத்துக்கு அமெரிக்காவில் 1983-இலேயே சட்டம் வழி கண்டது: தடத்தை மிதிவண்டிப் பாதையாகப் பயன்படுத்திக்கொண்டே, பின்னாளில் ரயிலுக்குத் திருப்பித் தரும் உரிமையையும் காக்கலாம். இங்கே தடம் அப்படிக் காக்கப்படவில்லை. 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்ட மொரப்பூர்–தருமபுரி அகலப் பாதைக்கு நிலத்தைப் புதிதாகக் கையகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ஆகவே மொரப்பூர் பக்கம் ரயிலுக்கே முதலிடம் தர வேண்டும். சென்னை–சேலம் முதன்மைப் பாதையோடு தருமபுரியை நேராக இணைக்கும் பயனுக்கு எந்த மிதிவண்டிப் பாதையும் ஈடாகாது. கிருஷ்ணகிரி பக்கம் பழைய ரயில் தடத்தின் மண் கரை தொடர்ச்சியாக எங்கே எஞ்சியிருக்கிறதோ, அங்கே முதலில் எல்லைக்கல் நட்டு, பிறகு மிதிவண்டிப் பாதை போடலாம்.