போஸ்ட்கிரெஸ் இமேஜ்: எண் அதேதான், அடியில் இருப்பது வேறு

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை டாக்கரில் ஓட்டலாமா, எந்த டேக் போடுவது என்று நண்பர் ஒருவர் கேட்டார். டாக்கர் ஒரு மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும்; அந்தப் பெட்டிக்கான அச்சுதான் இமேஜ், அதன் பதிப்பைக் குறிக்கும் பெயர்தான் டேக். சில வருடங்களாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

சின்ன அப்டேட்டுக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை. கன்டெய்னர் அமைப்பை எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலில் 16.3-ஐ 16.4 ஆக்கி, இமேஜை இழுத்து, கன்டெய்னரைத் திரும்பக் கிளப்பினால் முடிந்தது. தரவு கன்டெய்னருக்கு வெளியே, வாலியூம் என்ற சேமிப்பிடத்தில் பத்திரமாக இருக்கும். 16-லிருந்து 17-க்குத் தாவினால் கன்டெய்னர் கிளம்பவே மறுக்கும். தொல்லைதான், ஆனால் அது நேர்மையான தொல்லை. பழையதிலிருந்து தரவை டம்ப் (முழு நகல்) எடுத்துப் புதியதில் ஏற்றிக்கொள்ளலாம்.

என் கோபமெல்லாம் மொட்டையாக 15, 16 என்று நிற்கும் டேக் மேல்தான். இமேஜின் அடியில் டெபியன் என்ற லினக்ஸின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. 2023 ஜூனில் டெபியன் 12 வந்ததும் 15 என்ற டேக் அதற்கு நகர்ந்தது. கூடவே அதன் அடிப்படை நூலகமான ஜிலிப்சியும் (glibc) 2.31-லிருந்து 2.36 ஆனது. எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியைப் போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஜிலிப்சியிடம்தான் கேட்கும். அந்த விதி மாறினால், பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) பொய் சொல்லத் தொடங்கும். டேபிளில் இருக்கும் பெயர் தேடினால் வராது. ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தடுக்கும் யுனிக் இன்டெக்ஸ் இருந்தும் ஒரே மதிப்பு இரண்டு முறை நுழைந்துவிடும். இத்தனைக்கும் எதுவும் நிற்காது. கொலேஷன் (அந்த வரிசை விதி) பதிப்பு பொருந்தவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் பலர் பதிப்பு எண்ணைப் புதுப்பிக்கும் கட்டளையை மட்டும் ஓட்டுகிறார்கள். எச்சரிக்கை போய்விடும், கெட்ட இன்டெக்ஸ் அப்படியே இருக்கும். முதலில் ரீஇன்டெக்ஸ் செய்து இன்டெக்ஸை மறுபடி கட்ட வேண்டும், அப்புறம்தான் அந்தக் கட்டளை.

இமேஜ் கட்டுபவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய டெபியனையே காலமெல்லாம் சுமக்க யாராலும் ஆகாது. 16.4-புக்வர்ம் என்று டெபியன் பெயரோடு (புக்வர்ம் என்பது டெபியன் 12) சேர்ந்த டேக்கும் தருகிறார்கள். நான் அதைத்தான் போடுகிறேன், கூடவே ஒரே ஓர் இமேஜை மட்டும் குறிக்கும் டைஜஸ்ட் என்ற அடையாளத்தையும். டைஜஸ்ட் போட்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது என்பதால், புதுப் பதிப்புகளைக் கவனித்துச் சொல்லும் ரெனவேட் என்ற கருவியை வைத்திருக்கிறேன். புது இமேஜ் வந்தால் அது புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) திறக்கும், படித்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பேன்.

இவ்வளவு ஒழுங்கு செய்த பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லை, மாற்றும் எண்ணமும் இல்லை. ஆனாலும் இத்தனை ஒழுங்கும் தேவைப்படுவதால் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆப், ரெடிஸ், என்ஜின்எக்ஸ் எல்லாம் கன்டெய்னரில் இருக்கட்டும். தரவுத்தளத்தை நேராக மெஷினிலேயே நிறுவுங்கள். டெபியனை எப்போது மாற்றுவது என்பது உங்கள் கையில் இருக்கும்.