பிளாக்ஸ்வொர்த் பாதிரியாரோட சிலந்திகளைத் தேடிப் போனப்ப கிடைச்ச சைட்: பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி

போன மாசம் அப்பாவோட பழைய அகராதியை தூசி தட்டும்போது நடுப்பக்கத்துல அரிசி நொய் சைஸ்ல ஒண்ணு ஊர்ந்துச்சு, முன்னாடி தேள் மாதிரி ரெண்டு கொடுக்கு, ஆனா வால் இல்ல, லேசா ஊதினா அப்படியே பின்பக்கமா ஓடுது. பொய்த்தேளாம். நம்மள ஒண்ணும் பண்ணாது, பழைய புக்குல இருக்கிற குட்டிக் குட்டிப் பூச்சியத்தான் புடிச்சுத் தின்னும், தயவுசெஞ்சு நசுக்கிடாதீங்க.

அதைப் பத்தித் தேடும்போதுதான் ஆக்டேவியஸ் பிக்கார்ட் கேம்பிரிட்ஜ் பேரு கண்ணுல பட்டுச்சு. 1828-ல இங்கிலாந்துல டார்செட் பக்கம் பிளாக்ஸ்வொர்த்ங்கிற கிராமத்துல பிறந்தவர், 1868-ல அப்பா பார்த்த பாதிரியார் வேலைக்கே வந்து 1917-ல சாகிற வரைக்கும் அங்கதான் இருந்தார். சிலந்தி அவருக்குத் தொழிலே இல்ல, ஆசை அவ்வளவுதான். ஆனா சிட்னி ஃபனல் வெப் சிலந்தி இருக்குல்ல, அவ்வளவு விஷம்னு சொல்வாங்களே, அதுக்கு 1877-ல ஏட்ராக்ஸ் ரோபஸ்டஸ்னு பேரு வச்சது இவர்தான். 1887-ல ராயல் சொசைட்டிங்கிற பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்துல ஃபெல்லோவும் ஆகிட்டார். 1892-ல பிரிட்டிஷ் பொய்த்தேள்களுக்குன்னே தனியா ஒரு கட்டுரை எழுதியிருக்கார், எனக்கு அது போதும்!

அவர் டார்செட் சிலந்திகளப் பத்தி எழுதின புக்கோட ரீபிரிண்ட்டை ஒரு ஆன்லைன் கடைல காசு கொடுத்து வாங்கினேன், படம் இருக்க வேண்டிய பக்கமெல்லாம் கருப்பு மை கொட்டின மாதிரி இருந்துச்சு, மனசே விட்டுப்போச்சு. அப்புறம்தான் இந்த சைட்டுக்கு வந்தேன். பல நாட்டு மியூசியம், லைப்ரரி எல்லாம் சேர்ந்து நடத்துறது, அக்கவுண்ட் வேணாம், காசு வேணாம், பழைய புக்கை ஸ்கேன் பண்ணி முழுசா வச்சிருக்காங்க, பிடிஎஃப்பாவும் இறக்கிக்கலாம். படத்தை ஜூம் பண்ணிப் பார்த்தா கால்ல இருக்கிற முடிகூட ஒவ்வொரு கோடா தெரியுது, அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அதையேதான் பார்த்துட்டு இருந்தேன்.

இன்னொண்ணு, உயிரினத்தோட அறிவியல் பேரைப் போட்டுத் தேடினா அது எந்தெந்தப் பக்கத்துல வருதுன்னு லிஸ்ட் வரும். இலங்கைல இருந்து நீட்னர்ங்கிறவர் அனுப்பின சிலந்திகளை வச்சு இவர் 1869-ல ஒரு கட்டுரை போட்டிருக்கார், நம்ம பக்கத்து சிலந்தி பார்க்கிறவங்க அதுல இருந்து ஆரம்பிங்க.

அஞ்சுக்கு அஞ்சு. அகராதியை அதே அலமாரிலதான் வச்சிருக்கேன், பொய்த்தேள் உள்ளதான் இருக்கு.